கழற்ற வராது என்று நான் சொன்ன மோதிரம்

ஜூடித் ஆற்றோரம், மான்டானா
1998 ஏப்ரல் 24, வெள்ளி

கர்த்தருக்குள் பிரியமான தங்கை சன்னாவுக்கு,

உன் அக்கா ராகேல் எழுதுவது. உன்னையும் உன் வீட்டுக்காரர் பவுலையும் நம் சபைப் பண்ணையில் இருக்கும் எல்லோரையும் கர்த்தர் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். என் சுகத்தைக் கேட்டால், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி ஓடுகிறது.

நீ அனுப்பிய முட்டை நூடுல்ஸும் கடிதமும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. ஒருத்திக்கு எதற்கடி இவ்வளவு? தலைமைச் சமையல்காரி ஆகி நூற்றுப்பத்து பேருக்குச் சமைத்துச் சமைத்து, ஒரு ஆளுக்கு அளக்க உனக்குக் கை வராமல் போய்விட்டது. உன்னைச் சொல்லி என்ன, என் வீட்டுக்காரர் லைல் இறந்து ஐந்து மாதம் ஆகிறது, நான் இன்னும் காலையில் இரண்டு பேருக்குக் காபி போடுகிறேன். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றும்போது தினமும் என்மேலேயே கோபம் வருகிறது. மறுநாள் காலை மறுபடியும் அதே அளவுதான் போடுகிறேன்.

உன் கடிதத்தில் வானிலை எழுதியிருக்கிறாய், வாத்துக்குஞ்சு கணக்கு எழுதியிருக்கிறாய், நடுவில் மூன்று இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாய். மோதிரம் கழன்றதா இல்லையா? பெந்தெகொஸ்தே நாளுக்குள் போதகருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கடைசியில் அடிக்கோடு வேறு. உன் அவசரம் எனக்குப் புரிகிறது. நான் உன் பக்கத்து அறைக்கு வந்துவிடுவேன் என்று நீ இப்போதே ஜன்னலுக்குத் திரை தைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

போதகர் எலியாஸ் மார்ச் மாதம் இங்கே வந்திருந்தார். சின்ன வயதில் அவருக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான், இப்போது 'அவர்' போட்டு எழுத வேண்டியிருக்கிறது. நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். மூன்று துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, விட்டுப் போன சபைக்கு நான் திரும்பி வரவேண்டுமானால் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சபைக்கு முன்னால் முழங்காலில் நின்று பாவ அறிக்கை செய்ய வேண்டும். அதன்பிறகு இரண்டு வாரம் சாப்பாட்டுக்கூடத்தில் கதவோரம் தனி மேஜையில் சாப்பிட வேண்டும், யாரும் கைகுலுக்க மாட்டார்கள். இரண்டு வாரம் முடிந்ததும் சமாதானம் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு அறை, ஒரு கட்டில், புள்ளி போட்ட தலைத்துணி எல்லாம் உண்டு.

பிறகு என் கையைப் பார்த்தார். "நகை போட்ட கையோட உள்ள வர முடியாதுங்க அக்கா. நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல" என்றார். "அது வராது எலியாஸ். இருபது வருஷமா கழட்டினதே இல்ல, கணு வீங்கிப்போச்சு" என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் தொடவில்லை, குனிந்து மட்டும் பார்த்தார். "முயற்சி பண்ணிப் பாருங்க. வராதுன்னு விட்டுடாதீங்க" என்றார்.

எனக்கு அங்கே வர வேண்டும் சன்னா. ஒளிக்காமல் சொல்கிறேன், தனியாக இருக்க முடியவில்லை. நாம் நாலு பேருக்கு ஒரு கட்டில் என்று படுத்து வளர்ந்தவர்கள். ஒரு தும்மல் போட்டால் பத்துப் பேர் ஆசீர்வாதம் சொல்வார்கள். இங்கே தும்மினால் சுவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. தபால் எதுவும் வராத நாளிலும் தபால் நிலையத்துக்குப் போகிறேன், அங்கே இருக்கும் பெண் "குட்மார்னிங் மிசஸ் பாஸ்கோ" என்று சொல்வாள் என்பதற்காக. வானிலை ரேடியோவில் ஒருவன் நாள் முழுக்க "மேற்கே காற்று, நாற்பது மைல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நேற்று அவனுக்கு "ஆமாப்பா, இங்கயும் அதே காத்துதான்" என்று பதில் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மோதிரத்தைப் பற்றி நீ இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்டாய், அதுவும் மோதிரம் என்று தெரியாமல். அம்மாவின் அடக்கத்துக்கு நான் ஜூலை மாத வெயிலில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வந்தேன், நினைவிருக்கிறதா? "கையில என்னக்கா, புண்ணா?" என்று கேட்டாய். "கொதிதண்ணி பட்டுடுச்சு" என்றேன். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்ன பொய் அது. உள்ளே கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பி விட்டிருந்தேன். அடக்கம் முடிகிறவரை கையை மூடிக்கொண்டே நின்றேன், அது குத்திக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அது என்ன மோதிரம் என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். யோகோ மலைப் பள்ளத்தில் இங்கிலீஷ்காரக் கம்பெனி நீலக்கல் தோண்டிய காலத்தில் என் மாமியார் லவ்டே அங்கே சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சமைத்துப்போட்டவள். அந்த மலையில் எடுக்கிற நீலமெல்லாம் லண்டனுக்குப் போய்விடும். ஒருவன் நகக்கண்ணில் ஒட்டியதைக்கூடத் தட்டி எடுத்துக்கொண்டு அனுப்புவார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லவ்டே தன் கோழியை அறுத்து இரைப்பையைக் கிழித்தால், உள்ளே சோளத்தோடும் சரளையோடும் அரைப் பட்டாணி அளவில் ஒரு நீலக்கல் இருந்தது. மேஸ்திரி கேள்விப்பட்டு வந்து நின்றிருக்கிறான். "மலையில இருக்கிற கல்லு உங்க கம்பெனிது. கோழி என்னோடது. வேணும்னா கோழி மேல கேஸ் போடு" என்றாளாம். அவன் அன்றைக்கு அந்தக் கோழியையே சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று சொல்வாள். கம்பெனி மூடிப்போன மறுவாரம் கிரேட் ஃபால்ஸுக்குப் போய்த் தங்கத்தில் பதித்துக்கொண்டாள்.

நீயும் நானும் எத்தனை ஆயிரம் இரைப்பை கிழித்திருப்போம்? சரளையைத் தவிர என்ன கண்டோம்? இங்குள்ளவர்கள் சொல்வார்கள், அந்த மலையில் கிடைப்பதெல்லாம் கடுகும் எள்ளுமாகத்தான் இருக்கும், அரைப் பட்டாணி அளவு கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம் என்று. மற்ற நீலங்கள் விளக்கு வெளிச்சத்தில் கறுத்துவிடும். இது பகலில் எப்படியோ விளக்கிலும் அப்படியே இருக்கும்.

லைல் அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. நாம் சனிக்கிழமைச் சந்தையில் வாத்து விற்ற கோடையில், ஆறு வாரம் தொடர்ந்து வாரத்துக்கு ஒரு வாத்து வாங்கிக்கொண்டு போனவர். ஏழாவது வாரம் நான்தான் கேட்டேன், "உங்க வீட்ல எத்தனை பேருங்க?" என்று. "நானும் அம்மாவும்தான். அம்மா வாத்தைக் கண்டாலே திட்டுது. இன்னிக்கு வாங்காம சும்மா பேசிட்டுப் போகலாமா?" என்றார். நீ பக்கத்தில்தான் இருந்தாய், முட்டை எண்ணுகிறது போல நடித்துக்கொண்டு. சபைக்கு வாக்குக் கொடுத்து ஞானஸ்நானம் வாங்கிய மறுவருஷமே நான் அவரோடு போய்விட்டேன். உனக்கு அப்போது பதினேழு வயது. உன்னிடம்கூடச் சொல்லாமல் போனதற்கு நீ என்னை எப்போதாவது நன்றாகத் திட்டியிருக்கலாம்.

நீதிமன்றத்தில் கல்யாணம். லவ்டே தன் விரலிலிருந்து கழற்றிக் கொடுத்த மோதிரத்தை லைல் எனக்குப் போட்டார். நான் செய்த கூத்தைக் கேள். மோதிரம் என்றால் என்னவென்று எனக்கு என்ன தெரியும்? நம் பண்ணையில் எல்லாம் எல்லோருக்கும் பொது. சமையல் முறை வாரம் ஒருத்திக்கு. அதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை மோதிரத்தைக் கழுவித் துடைத்து மாமியார் தட்டின் பக்கத்தில் வைத்தேன். "இந்த வாரம் உங்க முறைங்க" என்றேன். லவ்டே என்னையும் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏண்டி பொண்ணே, வாரம் மாத்தி மோதிரம் போட்டுக்கலாம். அப்புறம் புருஷன் எப்படி? அவனையும் திங்கக்கிழமை திங்கக்கிழமை கழுவித் துடைச்சு இங்க வச்சுடுவியா?" என்றாள். லைலுக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து என் விரலைப் பிடித்து அவளே போட்டுவிட்டாள். சாகிறவரை ஊர் முழுக்க இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள், கிராதகி. அவளும் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

'என்னுடையது' என்று ஒரு பொருளைச் சொல்ல எனக்கு மூன்று நான்கு வருஷம் பிடித்தது. 'எங்கள் மோதிரம்' என்றுதான் சொல்வேன். பிள்ளை பிறந்திருந்தால் என் பிள்ளை என்று சொல்லிப் பழகியிருப்பேனோ என்னவோ, அந்தக் கொடுப்பினை இல்லை. நம் போதனைப்படி அந்தச் சொல்தான் எல்லாப் பாவத்துக்கும் வேர். அதை நான் மறக்கவில்லை சன்னா. நாளைக்கு லூயிஸ்டவுனுக்குப் போய் நகைக்கடையில் வெட்டியாவது எடுத்துவிடலாம் என்று தீர்மானம் செய்திருக்கிறேன். எடுத்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

ஏப்ரல் 27, திங்கள்

சனிக்கிழமை போனேன். கடைக்காரர் நாரிஸ் நார்வேக்காரர், பெரிய மீசை, சின்னப் பேச்சு. வெட்டுகிற கருவியை எடுப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். அவர் ஒரு மெழுகு நூலை எடுத்து, ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, கணுவின்மேல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போனார். பிறகு அடிமுனையைப் பிடித்துச் சுற்றைப் பிரித்துக்கொண்டே வந்தார். மோதிரம் நூலோடு நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து அவர் கையில் விழுந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வராதுன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன் என்றேன். கண்ணாடி வில்லையை வைத்துக் கல்லைப் பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார். "இந்த மாதிரி ஒண்ணு என் அப்பா காலத்துல ஒரு தடவை பார்த்திருக்கேன். விக்கிற எண்ணமா?" என்றார். இல்லை என்றேன். மெழுகு நூலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அங்கேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. சோப்பு உண்டு, நூல் உண்டு, இருபது வருஷத்தில் ஒரு நாளாவது முயன்றிருப்பேனா? வராது, வராது என்று வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எலியாஸிடம் சொன்னது பொய்யென்று அப்போது எனக்கே தெரியாது. இப்போது கை வெறுமையாக இருக்கிறது, சொல்வதற்குச் சாக்கும் இல்லை.

வீட்டுக்குப் போகவில்லை. மோதிரத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு லைலின் பிக்கப் வண்டியில் நேராக நம் பண்ணைக்கே கிளம்பினேன். இன்றைக்கே போய் எலியாஸிடம் கையைக் காட்டிவிடலாம், உன் சமையலறைக்குள் போய் நின்றுவிடலாம் என்று. அந்த நாற்பது மைலும் சந்தோஷமாக இருந்தேன். உள்ளே திரும்புகிற சரளைப் பாதையில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். முழங்காலில் நின்று சொல்ல வேண்டியதை ஒரு தடவை நம் சபைப் பாஷையில் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். எலியாஸ் அதைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்.

சபைக்குக் கொடுத்த வாக்கை மீறினேன் என்று சொன்னேன். உண்மை. அம்மாவைக் கண்ணீர் விட வைத்தேன் என்று சொன்னேன். அதுவும் உண்மை, வண்டியிலேயே அழுதேன். மூன்றாவது வரி, 'சபைக்கு வெளியே நான் வாழ்ந்த வாழ்க்கை வீண்'. அதைத்தான் சொல்ல வரவில்லை.

லைல் கோயில் பக்கம் போகாத ஆள், உனக்குத் தெரியும். கல்யாணமான முதல் வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நூறு பேர் ஒன்றாய் ஜெபம் சொல்லாமல் ஒரு கவளம்கூட விழுங்கத் தெரியாது எனக்கு. "என்ன சொல்வீங்க அங்க, எனக்குச் சொல்லிக் குடு" என்றார். நம் சாப்பாட்டு ஜெபத்தை, ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல், நாலு நாளில் மனப்பாடம் செய்தார். உச்சரிப்பு படுகேவலம், வாத்துக் கத்துகிற மாதிரி இருக்கும். நூறு பேர் சத்தம் வேண்டுமே என்று கூரை அதிரச் சொல்வார். ஆமென் என்றால் நாய் எழுந்து வெளியே ஓடும். முப்பத்தாறு வருஷம், மூன்று வேளையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் வாயில் குழாய் இருந்தபோது, என் தட்டைக் கண்ணால் காட்டினார், நீ சொல்லு என்று. அதை வீண் என்று நான் யார் முன்னால் சொல்வேன் சன்னா?

மோதிரத்தைக் கழற்றிய கையால் அந்த வரியைச் சொன்னால், கழற்றியதற்கு அதுதான் அர்த்தம் என்று ஆகிவிடும். நகை வேண்டாம் என்றால் சந்தோஷமாக விடுவேன், எனக்கு எதற்கு நகை? ஆனால் அந்த மனிதர் இருந்தார், எனக்கு இருந்தார் என்பதற்கு என்னிடம் வேறு சாட்சி இல்லை. உங்கள் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தொப்பியும் தலைத்துணியுமாகச் சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடினார்கள். நான் மோதிரத்தை எச்சில் தொட்டு, வலிக்க வலிக்கத் திருகி, திரும்பப் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டேன். உன்னைப் பார்க்காமல் வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பார்த்திருந்தால் எல்லா வரியையும் சொல்லியிருப்பேன்.

ஆகவே பதில் இதுதான். மோதிரம் கழன்றது. நான் கழற்ற மாட்டேன். எலியாஸிடம் இரண்டையும் சொல்லிவிடு, முதலாவதை மறைக்காதே.

ஆனால் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். கதவோரத்துத் தனி மேஜையில் இரண்டு வாரம் என்றாரே, அதை எனக்கு முடிவில்லாமல் கொடுக்கச் சொல். சேர்த்துக்கொள்ள வேண்டாம். சமாதான முத்தம் வேண்டாம், கைகுலுக்க வேண்டாம், உன் பக்கத்து அறையும் வேண்டாம். வாத்துக்கொட்டகையை ஒட்டி விதை மூட்டை வைக்கிற அறை போதும். இறகு பிடுங்குகிறேன், பாத்திரம் கழுவுகிறேன், யாரும் என்னிடம் பேச வேண்டியதில்லை. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரட்டும். மூன்று வேளையும் அவர்கள் ஒன்றாய் ஜெபம் சொல்லும்போது நான் அதே கூரைக்கு அடியில் இருந்தால் போதும். எனக்குச் சோறு இறங்கும்.

முடிவில்லாத தண்டனை நம் சபையில் வழக்கமில்லையே என்று எலியாஸ் யோசிப்பார். மனந்திரும்பாதவளுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை வேறில்லை என்று சொல். அந்த மேஜையில் உட்கார எனக்கு ஆசை என்று மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் கொடுக்க மாட்டார்.

கர்த்தர் உன் அடுப்பையும் உன் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. எலியாஸ் சம்மதித்தால் எனக்குத் தட்டு வைக்க வேறு யாரையும் அனுப்பாதே. நீயே கொண்டுவந்து வை. பேச வேண்டாம், வைத்துவிட்டுப் போ.

உன் அக்கா,
ராகேல் பாஸ்கோ